செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, சங்க அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு பதினொரு மாதாந்தக் கூட்டங்கள் நடைபெற்றன. நவம்பர் கூட்டம் வெள்ளத்தால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது எமது ஒருநாள் சுற்றுலாவைப் பற்றி.

எமது கிழக்கு மாகாணத்திலுள்ள இங்கினியாகலை, தீகவாபி, குடும்பிமலை மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதென்றுதான் முதலில் தீர்மானித்திருந்தோம். அதை மாற்றியது மே மாதக் கூட்டத்தில் எமது புவியியல் ரீச்சர் ஆற்றிய உரை. அமெரிக்காவின் லாஸ் வேகாசில் இருக்கும் மகளிடம் போன இடத்தில், அவர் அதிகாலை பஸ் ஏறி சயன், பிரைஸ் கனியன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பியிருக்கிறார். போக வர 800 கிலோமீற்றருக்கு மேல். சயனின் செங்குத்துச் சுவர்கள் ஒரு காலத்தில் பாலைவன மணல்மேடுகளாம். மணல் இறுகிக் கல்லாகி, பிறகு வேர்ஜின் ஆறு அதை அறுத்திருக்கிறது. 1930இல் முடித்த மலைச்சுரங்கப் பாதையில் வெளிச்சத்துக்காகக் குடைந்த ஜன்னல்கள் உண்டு. அங்கே பஸ் நிற்பதில்லை.

பிரைசின் விளிம்பு ஏறக்குறைய எமது பீதுருதலாகலை உச்சியளவு உயரம். அவருக்கு மூச்சு வாங்கியதாம். பெயர்தான் கனியன், அது ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அல்ல. வருடத்தில் சுமார் 200 நாட்கள் பாறை வெடிப்புகளில் இறங்கும் நீர் இரவில் உறைந்து, பகலில் உருகுகிறது. பிரீசரில் மறந்துவிட்ட சோடாப் போத்தல் வெடிப்பதுபோல் கல் பிளந்து, ஹூடூ எனப்படும் தூண்கள் மிஞ்சுகின்றன. கச்சான் காற்றை மட்டுமே அறிந்த நாங்கள் வாய் திறந்து கேட்டோம். "பார்த்த மாதிரியும் இருக்கு, பார்க்காத மாதிரியும் இருக்கு" என்று ரீச்சர் உரையை முடித்தபோது அவர் குரல் தழுதழுத்தது.

அன்றே ஒரே இடம் போதும் என்று முடிவெடுத்தோம். ஜூன் மாதம் 31 பேர் கல்முனை, சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகலை சென்றோம். வாடகைக்குப் பேசிய பஸ் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தது. முதியவர்களை வீதியோரம் காக்க வைத்தது எனக்கு இன்னும் மனவருத்தம். ஆனாலும் ஒரே இடம் என்பதால் அவசரப்படவில்லை. அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் போனோம். தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைக் காணக் கிடைக்கவில்லை. கரையில் மேய்ந்த இரண்டைக் கண்டோம். அதில் சேரும் பட்டிப்பளை ஆற்றைச் சிங்களத்தில் கல் ஓயா, அதாவது கல் ஆறு, என்பது ஏன் என்று பாறைகளைப் பார்த்ததும் விளங்கியது. இது மணற்கல் அல்ல, பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய கடினமான நைஸ் பாறை, தண்ணீர் இலகுவில் அறுக்காது என்று ரீச்சர் கல்லைத் தொட்டுக் காட்டி விளக்கினார். மூட்டுவலியால் எந்தச் சுற்றுலாவுக்கும் வராத இரு அம்மாமார் மர நிழலில் இரண்டு மணித்தியாலம் நீரைப் பார்த்திருந்தனர். அவர்களை எழுப்ப எவருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டுக்குக் குடும்பிமலையை மட்டும் முன்மொழிகிறேன். வெயிலுக்கு முன் ஏற, காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கட்டாயம். பஸ்ஸுக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தையும் இச்சபை நிறைவேற்றித் தர வேண்டும். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் பதியலாம்.

நன்றி.
செயலாளர்