ஆடியில் இறங்கக்கூடிய கடல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை அப்பாவும் நானும் சேர்ந்திருந்து வாசித்தோம். பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ, அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி, காரைநகர்க் கசூரினா என்று தீவைச் சுற்றிவரும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு படமும் ஒட்டியிருக்கிறாய். படங்களில் குறையில்லை, அவை எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்பதுதான் ஒன்றிலும் இல்லை. நீங்கள் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்குவது ஆடி மாதத்தில். ஆகையால் எந்தக் கரை அழகு என்று பார்ப்பதற்கு முன், ஆடியிலும் ஆவணியிலும் சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தக் கரையில் இறங்கலாம் என்று பார்ப்பதே முறை என்று எனக்குப் படுகிறது. அப்படிப் பார்த்தால், உன் பட்டியலின் முதல் நான்கு பெயர்களையும் இந்த முறை வெட்டிவிடலாம்.

காரணம் காற்றுத்தான். மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெருங்கடலைக் கடந்து வந்து, கொழும்பு முதல் மாத்தறை வரையுள்ள கரையில் நேராக மோதுகிறது. அந்த மாதங்களில் அங்கே அலை உயர்ந்து, தண்ணீர் கலங்கி, கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டங்களும் வலுத்துவிடும். ஹோட்டல்காரர் அந்த நாட்களில் அறை வாடகையைக் குறைப்பது விருந்தோம்பலினால் அன்று. அதே காற்று மலைநாட்டில் ஏறி, மழையை அங்கேயே கொட்டிவிட்டு, ஈரமிழந்து சுடுகாற்றாக எங்கள் பக்கம் இறங்கும்போது அதைக் கச்சான் என்கிறோம். நீ சிறுமியாக இருந்தபோது முற்றத்துப் புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த அதே கச்சான்தான். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதனால், கிழக்கில் கரையோரக் கடல் அந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கிறது. ஐப்பசிக்குப் பின் வாடைக் காற்றும் மாரி மழையும் தொடங்கினால் எல்லாம் மாறிப்போகும். இங்கே கடல் பொங்க, காலி, மாத்தறைப் பக்கம் படிப்படியாகத் தெளிந்துவிடும். ஒரு மார்கழி விடுமுறையில் நீங்கள் வர முடிந்தால், உனவட்டுனவுக்கு நானே உங்களுடன் வருவேன்.

மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்று மூத்தவன் ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். அந்த ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. மிரிஸ்ஸவில் அதற்குரிய காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. திருகோணமலைக்கு வெளியே ஏறக்குறைய மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதனால், நீலத் திமிங்கிலங்கள் அங்கே கரைக்கு அதிக தூரமில்லாமலே வந்து போகின்றன. ஓகஸ்ட் முடிவில் அவை அரிதாகிவிடும் ஆகையால், திருகோணமலையைப் பயணத்தின் முற்பகுதியில் வைத்துக்கொள். கட்டாயம் காண்போம் என்று மட்டும் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. படகுக்காரர் கொடுப்பார்கள், நீ கொடுக்காதே.

சின்னவளை வைத்துக்கொண்டு நீங்கள் கூடுதலான நாட்கள் தங்க வேண்டிய இடம் பாசிக்குடா. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் போய், வாழைச்சேனையில் கடற்பக்கம் திரும்ப வேண்டும். வளைந்த அந்தக் குடாவுக்கு வெளியே உள்ள முருகைக்கற்பாறைகள், அதாவது பவளப்பாறைகள், அலையைத் தடுத்துவிடுவதனால், உள்ளே தண்ணீர் வெகுதூரத்துக்கு இடுப்பளவைத் தாண்டுவதில்லை. உலகத்திலேயே மிக நீண்ட ஆழமற்ற கரைகளில் ஒன்று என்று ஹோட்டல்கள் எழுதுவதை விளம்பரமாகவே எடுத்துக்கொள். ஆனாலும், நீந்தத் தெரியாத ஒரு பிள்ளை இறங்குவதற்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல கரையை நான் கண்டதில்லை. போர் முடிந்த பிறகு குடாவைச் சுற்றிப் பெரிய ஹோட்டல்கள் எழுந்துவிட்டபடியால், நீ சிறு வயதில் கண்ட பாசிக்குடா இப்போது இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். பொதுமக்கள் குளிக்கும் பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. சனி, ஞாயிறுகளிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் அங்கே தூர ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் நிறைந்து நிற்கும். குடும்பங்களும் வரும், குடித்துவிட்டுக் கடலில் இறங்கும் இளைஞர் கூட்டமும் வரும். திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களை எடுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. ஹோட்டலுக்கு முன்னால் எந்த நீச்சலுடையும் எவருக்கும் உறுத்தாது. பொதுக் கரையில் எங்கள் பெண்கள் உடுத்த உடையோடேயே குளிக்கிறார்கள் என்பதை நீ அறிவாய், அதற்கேற்றபடி நீயே தீர்மானித்துக்கொள்.

பாசிக்குடாவிலும் ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். காற்றடைத்த வளையம், வாத்து, மெத்தை என்று நீங்கள் அங்கே ஏரிக்குக் கொண்டுபோகும் மிதவைகள் எதையும் இங்கே கடலில் இறக்கக் கூடாது. கச்சான் தரையிலிருந்து வெளியே வீசும் காற்று. அலையில்லாத கடல்தானே என்று நாங்கள் பார்த்திருக்கும்போதே, மேலே இருக்கும் பிள்ளையோடு மிதவையை அது பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் நீந்தும் தகப்பனால் அந்தக் காற்றை முந்த முடியாது. உடம்போடு கட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டை வேறு விடயம். பிள்ளைகளின் அளவில் அதை அங்கிருந்தே வாங்கி வா. காற்று காலையில் மெலிந்திருந்து பகல் ஏற ஏறத்தான் வலுக்கும். வெயிலும் அப்படியே. செப்ரெம்பர் தொடக்கத்தில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறபடியால், நீங்கள் நிற்கும் நாட்களில் உச்சி வெயில் ஏறக்குறையச் செங்குத்தாகவே விழும். அது இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கே ஆகாது. ஆறரை மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்குள் கரையேறிவிட்டால் நல்லது. கரை கிழக்கு நோக்கியது ஆகையால், பிற்பகல் நான்கு மணிக்குப் பின் சூரியன் முதுகுப் பக்கம் போய்த் தென்னை நிழல் மணலில் நீளும். அப்போது மறுபடியும் இறங்கலாம்.

பக்கத்திலேயே உள்ள கல்குடாக் கரை நீண்டு, அகன்று, பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கும். நடப்பதற்கு எனக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளைகள் குளிப்பதற்கு வேண்டாம்.

நிலாவெளிக்குப் போவதற்கு நீ நினைத்தது போல ஹபரணையைச் சுற்ற வேண்டியதில்லை. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகக் கரையோர வீதி இப்போது நன்றாக இருக்கிறது. முன்பு ஆற்றுக்கு ஆறு வாகனம் ஏற்றும் பாதைப் படகுக்காகக் காத்து நின்ற அந்த வழியில் எங்கும் இப்போது பாலங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது, 396 மீற்றர் நீளம். திருகோணமலை நகரத்துக்கு அருகில் உப்புவெளியும், இன்னும் வடக்கே நிலாவெளியும் இருக்கின்றன. உப்புவெளியில் சாப்பாட்டுக் கடைகளும் சந்தடியும் கூடுதல். மணல் அகலமும் அமைதியும் வேண்டுமென்றால் நிலாவெளி. தண்ணீர் இரண்டிடத்திலும் தெளிவுதான், ஆனால் பாசிக்குடாவைவிட விரைவாக ஆழமாகிவிடும் ஆகையால், சின்னவளின் கையை எவராவது பிடித்திருக்க வேண்டும். விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். நேரத்தோடு எழும்பிப் போனால் மூத்தவனையும் கயிற்றில் கை வைக்க விடுவார்கள். மீன் கரைக்கு வந்ததும் அங்கேயே வாங்கிவிடலாம்.

நிலாவெளிக்கு நேர் எதிரே, சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. உண்மையில் இரண்டு சிறு தீவுகள். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முருகைக்கற்களையும், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களையும் முழங்கால் தண்ணீருக்குச் சற்று அப்பாலேயே காணலாம். அந்தச் சுறாக்கள் ஆட்களைக் கண்டால் விலகிப் போய்விடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் எங்களுடையதைவிடப் பல மடங்கு என்பதைக் கேட்டு மருமகன் கோபிக்கக் கூடாது. முதற் படகிலேயே போய்விடுங்கள். பகல் ஏறியதும் கூட்டம் கூடி, நீந்தத் தெரியாதவர்கள் முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்பதைப் பார்க்க வேண்டி வரும். அது உயிருள்ள பொருள் என்றும், மிதித்த இடம் செத்துப்போகும் என்றும் பிள்ளைகளுக்கு நீ முன்கூட்டியே சொல்லிக் கொடு.

அறுகம்பை மருமகனுடைய ஆசை என்று விளங்குகிறது. தெற்குப் பெருங்கடலில் எழும் அலை முனையைச் சுற்றி வளைந்து வந்து ஒழுங்காக உடைவதனால், மே முதல் ஒக்ரோபர் வரை அலைச்சறுக்கலுக்கு அங்கே உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். அதே அலைதான் சிறு பிள்ளைகளுக்கு ஆகாதது. குடாவின் தென்கோடியில், முனைக்கு உள்ளே மட்டும் தண்ணீர் ஓரளவு அடங்கியிருக்கும். இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் ஆகையால், மருமகனும் தம்பியுமாகப் போய் இரண்டு இரவு தங்கி வரட்டும். நீயும் பிள்ளைகளும் எங்களோடு இருங்கள். அவர்கள் அங்கிருந்து உகந்தை முருகன் கோயிலுக்கும் போய் வரலாம். ஆடித் திருவிழாவும், கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களும் ஒன்றாகச் சேரும் நாட்களாக இருந்தால், அந்த வீதியில் வாகனம் மெதுவாகத்தான் நகரும்.

வீட்டுக்கு அருகிலேயே கடல் இருக்கும்போது ஏன் இத்தனை தூரம் போக வேண்டும் என்று மூத்தவன் கேட்பான். கல்லடிக் கரையில் மாலையில் இருந்து காற்று வாங்கலாம், கடலை வாங்கித் தின்னலாம். குளிக்க நான் விட மாட்டேன். கரை சரிந்து இறங்குவதோடு, அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் குளத்தில் அவன் பரிசு வாங்கியிருப்பது மகிழ்ச்சிதான், ஆனால் குளத்தில் நீரோட்டம் இல்லை. அலைகள் உடைந்து வெண்மையாக வரும் இடத்துக்கு நடுவே, உடையாமல் இருண்டு அமைதியாகத் தெரியும் ஒரு பட்டை இருந்தால், தண்ணீர் வெளியே போகும் வழி அதுதான். பழக்கமில்லாதவர்கள் அமைதியைக் கண்டு அங்கேதான் இறங்குவார்கள். அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும் என்பதை அவனுக்கும் மருமகனுக்கும் சொல்லி வை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பதையும் சேர்த்துச் சொல்: கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், வேடிக்கை பார்க்காமல் ஊர்ப்பக்கம் ஓட வேண்டும்.

கசூரினாவைத் தனிப் பயணமாக வைக்க வேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்டுக்கு எப்படியும் போவீர்கள். அங்கிருந்து ஒரு வேலை நாளில் காலையில் போய் வரலாம். ஆழமில்லாத கரை, பிள்ளைகளுக்குப் பயமில்லை. திருவிழாக் காலத்தில் கூட்டம் மட்டும் கூடுதலாக இருக்கும்.

ஆகவே முதலில் திருகோணமலை, பிறகு பாசிக்குடா, கடைசியில் யாழ்ப்பாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசையன்று மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குச் சொந்தக்காரர் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள் ஆகையால், அந்த நாளை மட்டும் வீட்டுக்கென்று விட்டுவிடு. முருகைக்கல் காலைக் கிழிக்காதபடி பிள்ளைகளுக்கு ரப்பர்ச் சப்பாத்தும், தோளையும் கையையும் மூடும் நீச்சல் சட்டையும் கொண்டு வா. மருமகன் அலைச்சறுக்குப் பலகையை விமானத்தில் சுமந்து வர வேண்டியதில்லை, அறுகம்பையில் வாடகைக்குக் கிடைக்கும். பயணச்சீட்டு எடுத்த அன்றே திகதிகளை எழுது; பாசிக்குடாவில் வார நாட்களுக்கு அறை சொல்லி வைக்க அப்பா அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா