பஞ்சிகாவத்தை நானாவுக்கு நன்றி
கொழும்பில் நடந்த சர்வதேசக் கலைஞர் பட்டறைக்கு டாக்காவிலிருந்து வந்த சிற்பிக்குத் துருப்பிடித்த சைலன்சர் குழாய்கள் தேவைப்பட்டன. 1982இல் பிரித்தானியச் சிற்பி அன்டனி காரோவும் கலைச் சேகரிப்பாளர் ரொபட் லோடரும் நியூயோர்க் மாநிலத்தில் தொடக்கிய டிரயாங்கிள் பட்டறையின் வழி வந்த பழக்கம் இது: இரண்டு கிழமை ஒன்றாக இருந்து வேலை, கடைசியில் ஊருக்கே கதவு திறப்பு. பொருளை உள்ளூரில் தேடலாம் என்று, பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால், அரைக் குழாய்க்கு யார் மெனக்கெடுவார்?

நானா, நீங்களாகவே கூப்பிட்டீர்கள். கடையைத் தம்பியிடம் விட்டு, மழைக்குள் எங்களோடு கடைகடையாக ஏறினீர்கள். கூர் முனைகளை அரத்தால் தேய்த்து, சாக்கில் சுற்றி, ஆட்டோக் கூலியையும் பேசித் தந்தீர்கள். சிற்பியோடு படத்து ஹிந்தியில் பகிடி வேறு! பெயர் கேட்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதை நானாவிடம் காட்டுங்கள். குழாய்க்காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நானா.