லாந்தனத்தைத் தங்கத்தால் அளப்பது

அன்புள்ள இளவேனில்,

ஓர் அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு எளிதில் பிடிக்கிறது என்று தங்கத்தோடு ஒப்பிட்டு அளக்கும் உன் ஆய்வுக்கு லாந்தனம்-139ஐத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இயற்கை லாந்தனத்தில் 99.9 சதவீதம் அதுதான். செறிவூட்டிய ஐசோடோப்புக்காக யாரிடமும் கையேந்த வேண்டாம். அதில் 82 நியூட்ரான்கள், அணுக்கருவை மிக உறுதியாக்கும் ‘மேஜிக்’ எண். இன்னொரு நியூட்ரானை வாங்கிக்கொள்ள லேசில் சம்மதிக்காது. சிவப்பு ராட்சத விண்மீன்களுக்குள் பேரியமும் லாந்தனமும் தேங்கி நிற்பது அதனால்தான். 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதன் பிடிப்புக் குறுக்குவெட்டு, அதாவது நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பின் அளவு, சுமார் 32 மில்லிபார்ன். தங்கத்துக்கு அறுநூறு பக்கம்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் வளர்ந்த முறையையே பின்பற்று. 1912 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் லித்தியம்-7இல் மோதினால், விண்மீனுக்குள் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வெப்பத்தில் இருப்பதைப் போன்ற நியூட்ரான் பரவல் கிடைக்கும். வினை தொடங்குவதே 1881இல், அதனால் நியூட்ரான்கள் முன்பக்கம் 120 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். புரோட்டான் ஆற்றல் கொஞ்சம் ஏறினாலும் கூம்பு விரியும், பரவல் மாறும். லித்தியம் 180 டிகிரியில் உருகிவிடும் என்பதையும் மறக்காதே. லித்தியம் படலத்தைத் தாங்கும் செப்புத் தட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் படலம் மெலியும். புரோட்டான் 1881க்குக் கீழே இறங்குவதற்குள் படலம் தீர்ந்துபோனால், பரவலின் ஒரு பகுதியே காணாமல் போகும்.

எத்தனை நியூட்ரான் வந்தது என்று நேரே எண்ண வழியில்லை. தங்கத்தின் குறுக்குவெட்டு தெரிந்ததால் அதை அளவுகோலாக்கி, மாதிரிக்கு முன்னும் பின்னும் அதே விட்டத்தில் தங்கத் தகடு வை. முன் தகடு இலக்குக்கு அருகில் இருப்பதால் கூடுதலாக வாங்கும். இரண்டின் சராசரிதான் மாதிரிக்குக் கிடைத்த அளவு. ஒரு மீட்டர் தள்ளி லித்தியம் கண்ணாடி டிடெக்டர் வைத்து, கற்றை ஏறி இறங்குவதை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய். நியூட்ரானைப் பிடித்ததும் உருவாகும் லாந்தனம்-140க்கு அரை ஆயுள் 40 மணி, தங்கம்-198க்கு 2.7 நாள். கற்றை முதல் பாதியில் பலமாக இருந்து பிறகு சோர்ந்தால் இரண்டும் வேறு வேறு விகிதத்தில் சிதைந்திருக்கும். மொத்த நியூட்ரானை மட்டும் வைத்து அதைத் திருத்த முடியாது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எடையில். லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மெல்ல ஹைட்ராக்சைடு ஆகிவிடும். ஆக்சைடில் லாந்தனம் 85.3 சதவீதம், ஹைட்ராக்சைடில் 73.1. முழுக்க மாறிய தூளை ஆக்சைடு என்று நம்பி எடை போட்டால் விடை 14 சதவீதம் குறைந்து வரும். போதாததற்கு, உள்ளே புகுந்த ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தையும் குறைக்கும். 1000 டிகிரியில் சுட்டு, உலர் பெட்டியில் ஆறவைத்து, உடனே எடை போட்டு, காற்றுப் புகாமல் மூடு.

கதிரூட்டுவதற்கு முன்பே காமா கதிர்களை எண்ணும் ஜெர்மேனியம் டிடெக்டரில் 1436 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சிகரம் தெரியும். பயப்படாதே, இயற்கையில் இருக்கும் லாந்தனம்-138இன் வேலை அது. உனக்கு வேண்டியவை லாந்தனம்-140இன் 487ம் 1596ம். 478இல் ஏதாவது தலைகாட்டினால் இலக்கிலிருந்து பெரிலியம்-7 ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். 487, 1596 இரண்டும் ஒரே சிதைவில் அடுத்தடுத்து வெளிவருபவை. மாதிரியை டிடெக்டருக்கு ஒட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே துடிப்பாகி, இரு சிகரங்களிலும் எண்ணிக்கை குறையும். தங்கத்தின் 412 அநேகமாகத் தனியாகவே வரும். ஆகவே விகிதம் எடுக்கும்போது இந்தப் பிழை அடிபட்டுப் போகாது. தூரத்தில் வைத்து எண்ணு, நேரம் பிடித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. தங்கத்தின் மதிப்பே நிலையானதல்ல. பல ஆண்டுகள் 582 மில்லிபார்ன் என்று வைத்திருந்ததைப் பிறகு 612 ஆக்கினார்கள். பழைய அளவீடுகள் எத்தனையோ அதோடு நகர்ந்தன. ஆய்வேட்டில் லாந்தனம்-தங்கம் விகிதத்தைத் தனியாக அச்சிடு. மில்லிபார்ன் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

தூளை உலையிலிருந்து எடுத்ததிலிருந்து மூடும் வரைக்குமான எடைகளை நேரத்தோடு எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா