அமுக்கரா யாருக்கு ஆகாது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்களின் பதற்றத்துக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் சாப்பிடலாம் என்று உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அமுக்கராவுக்கு எதிரி இல்லை. இரவுப் பாலில் கலந்து குடித்து நிம்மதியாகத் தூங்கிய பெண்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பதற்றம் ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகளும் சொல்கின்றன.

சரி, யார் சாப்பிடக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லையே! கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது என்பதால், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலும் வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும். "எல்லாம் மனசுதான்" என்று மாமியார் சொல்லிவிட்டால், அந்த மருமகள் எங்கே ரத்தப் பரிசோதனைக்குப் போவாள்? சூரணம் வாங்கித் தருவதோடு வீட்டில் கடமை முடிந்துவிடும்.

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டோடு போய்க் கேட்கலாம். மனம் தாங்காமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் இலவசமாகப் பேசலாம். அடுத்த குறிப்பில் இதையெல்லாம் போடுங்கள். இடம் போதாதென்றால் பக்கத்திலுள்ள சமையல் படத்தைச் சின்னதாக்குங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.