வீட்டின் மூத்த பெண்ணுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

"எல்லாரும் என்னைப் பொறுப்பான பொண்ணுன்னு சொல்றாங்க சித்தி. நிஜமாவே நான் அப்படியா, இல்ல சொல்லிச் சொல்லியே ஆயிட்டேனா?" என்று கேட்டிருந்தாய். பலர் மனதில் இருக்கும் கேள்வி இது, வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

"யார் என்ன சொன்னாலும் நீ நீயாக இரு" என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிறர் கைபடாத ஒரு 'நீ' எங்கோ ஒளிந்திருப்பதாக நினைக்கும் அறிவுரை அது. குழந்தைக்குத் தன் பெயரின் ஓசை நாலரை மாதத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிய ஏறக்குறைய ஒன்றரை வயதாகிறது. நம் முகத்தை நாம் அறிவதற்கு வெகு முன்பே, பிறர் வைத்த பெயர் நமக்குப் பழகிவிடுகிறது.

பெயரோடு அடைமொழியும் சேர்ந்து வரும். மூத்தது பொறுப்பு, கடைக்குட்டி செல்லம். தம்பி பிறந்த நாளிலிருந்து நீ அழுதால் "நீ பெரியவ இல்லையா?", அவன் அழுதால் "குழந்தைதானே!". நீ விட்டுக்கொடுத்தபோதெல்லாம் பாராட்டு கிடைத்தது. திட்டைவிடப் பாராட்டுதான் ஆளை இறுக்கிக் கட்டும் என்பேன். திட்டினால் எதிர்த்துப் பேசவாவது தோன்றும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. எத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தோம் என்பதற்கும் பொறுப்புணர்வுக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. அப்படியென்றால் 'மூத்தவள்' என்பது வீடு உனக்குக் கொடுத்த வேலை. சுபாவம் வேறு. தோழிகளோடு இருக்கும்போது எல்லா ஏற்பாட்டையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாயே, அவளும் நீதான். வீட்டில் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

அதற்காக எல்லாவற்றையும் உதறச் சொல்லவில்லை. இளைஞர்களின் அடையாளம் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா, 1966-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் என்ன முடிவெடுத்தார் என்பதோடு நிற்கவில்லை. அதற்கு முன் வேறு வழிகளை எண்ணிப் பார்த்தாரா என்றும் கேட்டார். பெற்றோர் காட்டிய பாதையிலேயே இருவர் போகலாம்; ஒருவர் யோசித்துப் போகிறார், மற்றவர் யோசிக்காமலே போகிறார். பார்க்க ஒன்றுபோல் இருப்பார்கள். மார்சியா அவர்களை வெவ்வேறு வகையில் சேர்த்தார். பொறுப்பு உனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்றால் தாராளமாக வைத்துக்கொள், யோசித்துவிட்டு.

தம்பியின் கல்லூரி விண்ணப்பத்தை இந்த முறை அவனே நிரப்பட்டும். முடியாது என்று சொன்னதும் குற்ற உணர்வு வரும். வந்தால், செய்தது தப்பு என்று உடனே முடிவு கட்டாதே. நெடுநாள் பழக்கத்தை விடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

சமூகம் வீட்டுக்கு வெளியே தனியாக நிற்பதில்லை. 'பொம்பளைப் பிள்ளை அனுசரிச்சுப் போகணும்' என்று உன் அம்மா வாயால்தான் அது பேசுகிறது. என் அக்காவான அவளும் ஒரு மூத்த மகள்தான். அவள் விட்டுக்கொடுத்த எத்தனையோ எனக்கு வந்து சேர்ந்தன. நீ கேட்ட கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நீ கேட்டால் முதலில் கோபப்படுவாள். பட்டால் என்னைக் கூப்பிடு, நான் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
சித்தி