யூரோ வைத்திருந்தால் மட்டும் போதாது

பாம்பன்

அன்புத் தம்பிக்கு,

கடையில் யூரோதான் வாங்குகிறார்கள், பிறகு ஏன் நீ இருக்கும் மான்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கிறது என்று கேட்டிருந்தாய். யூரோவை அவர்கள் 2002-ல் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஆவது வேறு சங்கதி.

உறுப்பினராக விரும்பும் நாட்டுக்கு ஒன்றியம் 1993-ல் கோபன்ஹேகனில் வைத்த நிபந்தனை மூன்று: சிறுபான்மையினரையும் காக்கும் உறுதியான ஜனநாயகம், போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், ஒன்றியத்தின் சட்டங்களை ஏற்று நடத்தும் திறன். அந்தச் சட்டங்களை 35 அத்தியாயமாக வகுத்திருக்கிறார்கள். 33-ல் பேச்சுவார்த்தை உண்டு. 2012-ல் தொடங்கிய மான்டினீக்ரோ 2020-க்குள் எல்லாவற்றையும் திறந்துவிட்டது, அதாவது பேச்சைத் தொடங்கிவிட்டது. பேசி முடித்து மூடுவதுதான் பெரும்பாடு. நீதித்துறையும் உள்துறையும் தேறுகிற வரை மற்றவையும் தேங்கிக் கிடந்தன; 2024 ஜூனில்தான் வழி பிறந்தது.

நம் கரைக்காரனுக்குச் சட்டென்று பிடிபடுவது 13-ஆம் அத்தியாயம், மீன்வளம். எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம், எத்தனை நாள் கடலுக்குப் போகலாம், 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான படகில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி, இறக்கிய மீனுக்கு எடைக்கணக்கு. இதையெல்லாம் ஒரே கூட்டத்தொடரில் சட்டமாக்கிவிடலாம்; நடத்திக் காட்டுவதுதான் கடினம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்க ஆள், இறங்குதளத்தில் பார்க்க ஆள், மீறினால் வழக்குப் போட ஒரு அதிகாரி இருந்தால்தானே அது தடை? அங்கேயும் அதைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை ஆய்வாளர், எத்தனை சோதனை, எத்தனை தண்டனை.

எல்லாம் சரியாக இருந்தும் உறுப்பு நாடுகளில் ஒன்று கைதூக்காவிட்டால் வேலை நின்றுபோகும். பீரான் விரிகுடா என்ற சின்னக் கடல்துண்டின் எல்லைக்காக ஏற்கெனவே உறுப்பினரான ஸ்லோவீனியா 2008-ல் குரோஷியாவின் பேச்சுவார்த்தையை மறித்தது. நடுவரிடம் விடுவதென 2009-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் விட்டது. பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவனுக்குக் கடலில் கோடு போடுவதன் கனம் தெரியும். ஆனால் வட மாசிடோனியாவுக்கு நடந்தது அநியாயம்: கிரீஸுக்காக 2019-ல் நாட்டின் பெயரையே மாற்றியும், அடுத்து பல்கேரியா தடுத்தது.

பேச்சு முடிந்தாலும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதமும் எல்லா நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். குரோஷியா 2011 டிசம்பரில் கையெழுத்திட்டு 2013 ஜூலை 1-ல் சேர்ந்தது. எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகும் ஷெங்கன் பகுதிக்குள் போனது 2023-ல்தான். ஆகவே நாளை மான்டினீக்ரோவே ஒன்றியத்தில் சேர்ந்தாலும் உன் குடியிருப்பு அட்டையை நம்பி இத்தாலிக்குக் கப்பல் ஏறிவிடாதே. ஷெங்கன் விசா தனியாக எடு.

அன்புடன்,
அப்பா