அண்ணாவுக்கு, அப்பாவின் புத்தகங்கள் பற்றி

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் திதி முடிந்த கையோடு முடிவெடுத்துவிட்டேன். புத்தகப் பெட்டிகளைக் கோயில் வகுப்பறையில் இறக்கியாயிற்று. உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், இன்னொரு மழைக்காலமும் கராஜிலேயே கிடந்திருக்கும். மனசு வருத்தப்பட்டால் மன்னித்துவிடு. ஆனால் பெர்த்தில் இருந்துகொண்டு "பத்திரமாக வை" என்பது சுலபம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஈரக்காற்றில் அட்டைக்கு அட்டை பூசணம் துடைத்தவன் நான்.

பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. அதனால் வீடு, பணம் விஷயங்களை இங்கே தொடவில்லை.

பெட்டியில் மேலாகக் கிடந்தது ஆயாவின் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம். சமையலறை மேசையில் நீ அதைச் சத்தமாகப் படிப்பாய், ஆயா மீன் குழம்புக்குப் புளி கரைத்தபடி கேட்பார். அன்றைக்கு ஒரு இடத்தைத் தாண்டிப் போனாய். ஆயாவின் கை நின்றது. "பிள்ளைங்க பசியில அழுவுற இடம் எங்கடா?" என்றார். "அந்தப் பக்கம் கிழிஞ்சிருச்சு ஆயா" என்றாய். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். புத்தகத்தை வாங்கி, தையல் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். கிழிசல் இல்லை. ஒன்றும் சொல்லாமல் உன் கையில் திருப்பிக் கொடுத்தார். நீ படித்தாய், பாதியில் குரல் உடைந்தது, நிறுத்தாமல் படித்தாய். ஒரு எழுத்துத் தெரியாதவர் அவர். நம் ஆட்கள் குடியிருந்த மேகசீன் பேரக்ஸ் குடியிருப்பில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தில் கேட்டுக் கேட்டு மனசில் ஏறிய கதை அது. அந்தக் கூத்தைத்தான் இங்கே 'சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்' என்பார்கள்.

அப்படிப் படித்த நீதான், அப்பா இறந்த வாரத்தில், "இனிமேல் இதையெல்லாம் யார் படிக்கப்போறாங்க" என்றாய். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

யார் படிப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் வந்தால் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள், தெருவெல்லாம் இறைச்சி சுடும் பிராய் அடுப்பு புகைகிறது. எனக்கும் அந்த நாள் பிடிக்கும். அதே மாதத்தில் தேசியப் புத்தக வாரமும் வருகிறது, அதற்கு இந்தக் கூட்டம் இல்லை. 2017இல் யுனெஸ்கோ நம் டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தது. 2021இல் பல நாடுகளில் நடந்த பிர்ல்ஸ் என்ற வாசிப்புத் தேர்விலோ, இந்த நாட்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்தது புரியவில்லை. அப்போதிருந்த 11 ஆட்சிமொழிகளிலும் வைத்த தேர்வு அது. புத்தகம் வாங்கித் தரலாம் என்றால் அதற்கும் 15 சதவீதம் வாட். வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளை எந்த மொழியில்தான் தடுமாறாது?

இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பேர் இருக்கிறது. கோயிலிலோ தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்துத்தான் பாடுகிறோம். பாட்டு வாயில் இருக்கிறது, எழுத்து கண்ணில் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் அப்பாவின் புத்தகங்களை அடுக்கிவைத்து அதற்குப் பாரம்பரியம் என்று பேர் வைக்க என்னால் முடியவில்லை, அண்ணா.

இனி சனிக்கிழமை காலையில் ஒரு பக்கம் நான் தமிழில் படிப்பேன். புரிந்ததைப் பிள்ளைகள் எந்த மொழியில் சொன்னாலும் சரி. பக்கத்து வீட்டு சூலு இனப் பையனும் வருகிறான், அவனுக்கு அவன் மொழியில் கதைப் புத்தகம் வாங்கி அதே அலமாரியில் வைத்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் முதல் நாளே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார். அது உனக்கும் தெரியும்.

அப்பா கையெழுத்துப் போட்ட இரண்டு புத்தகங்களை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஆயாவின் புத்தகத்தை மட்டும் கேட்காதே. கிழிந்தால் ஒட்டிக்கொள்கிறோம். டிசம்பரில் வருவதாக இருந்தால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வை. உன்னைப்போல் படிக்க இங்கே ஆள் இல்லை. வரமாட்டாய் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு, பிள்ளைகளிடம் நீ வருவாய் என்று சொல்லிவைக்க மாட்டேன்.

உன் தம்பி